கர்ப்பப்பையை எடுத்தால் அதோடு மெனோபாஸ் வந்துவிடுமா?

கேள்வி: 3 ஜூன் 2024, இரவு 9.12

அம்மாவுக்கு 44 வயது. ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு மாதமும் ஒன்பது, பத்து நாள் உதிரப்போக்கு. ரத்தம் (ஹீமோகுளோபின்) 7.8தான் இருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் இரண்டு கட்டிகள், பெரியது 6 செ.மீ. மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். பெரியம்மா "எடுத்த அன்னைக்கே கெழவியாயிருவா" என்று அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார். கர்ப்பப்பை போனால் மெனோபாஸ் வந்த மாதிரிதானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன், இரவு 10.40

இல்லை. மாதவிடாய் நிற்கும். மெனோபாஸ் வேறு விஷயம். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஓவரியையும் எடுப்பீங்களா, விட்டுவைப்பீங்களா?" மற்றதை நாளை எழுதுகிறேன்.

4 ஜூன், மாலை 6.05

நான் டாக்டர் இல்லை. திண்டுக்கல் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறேன். இதை எழுதுவதற்கு என் அம்மாவின் கதைதான் காரணம். அதற்கு முன்னால் உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பப்பை கவிழ்த்துப் பிடித்த பேரிக்காய் மாதிரி. நீளம் ஏழரை செ.மீ., அகலம் ஐந்து. முன்னால் சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல், நடுவில் இது. பெரும்பாலான பெண்களுக்கு முன்பக்கம் சாய்ந்து சிறுநீர்ப்பையின் மேல் படுத்திருக்கும். ஐந்தில் ஒருவருக்குப் பின்பக்கம் சாய்ந்திருக்கும், அது நோய் இல்லை. சுவரின் பெரும்பகுதி தசை. உள்ளே பூசினாற்போல் ஒரு படலம், எண்டோமெட்ரியம். மாதாமாதம் வளர்ந்து உதிர்வது அந்தப் படலத்தின் மேலடுக்கு. அடியடுக்கு உதிராது, அதிலிருந்துதான் அடுத்த மாதம் மறுபடி வளர்கிறது. பேரிக்காயின் காம்புப் பக்கம் குறுகி, பிறப்புப் பாதைக்குள் நீட்டிக்கொண்டிருப்பது கர்ப்பப்பை வாய்.

மேலே இரண்டு மூலையிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு செ.மீ. நீளத்துக்கு இரண்டு குழாய்கள். முனை விரிந்து விரல் விரலாகப் பிரிந்திருக்கும். அந்த விரல்களுக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பை விடச் சற்றுப் பெரிதாக இரண்டு சினைப்பைகள். ஓவரி என்பது இவைதான். முட்டையை வெளியிடுவதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் சுரப்பதும் இவற்றின் வேலை. கர்ப்பப்பை அந்த ஹார்மோன்களின் சொல்படி நடக்கிற இடம். மெனோபாஸ் என்றால் சினைப்பை ஓய்ந்துபோவது. கர்ப்பப்பை இல்லாவிட்டாலும் சினைப்பை தன் பாட்டுக்கு வேலை செய்யும். ரத்தம் வெளியே வராது, அவ்வளவுதான்.

நம்மிடம் சிக்கல் பெயரில் இருக்கிறது. ஓவரிக்குப் பள்ளிப் பாடத்தில் அண்டகம் என்று பெயர். பத்திரிகைகளில் சினைப்பை, கருமுட்டைப்பை. இலங்கைத் தமிழர் சூலகம் என்பார்கள், அதே சொல்லை நம் தாவரவியல் வகுப்பில் பூவுக்குச் சொல்கிறோம். ஆஸ்பத்திரியில் ஓவரி. இத்தனை பெயர் இருந்தும் வீட்டுப் பேச்சில் அந்த உறுப்புக்கு ஒரு பெயர்கூட இல்லை. வீட்டில் எல்லாமே "கர்ப்பப்பை". அதற்கு மேல் கேட்டால் "அடிவயிறு".

5 ஜூன், இரவு 11.20

அம்மா கதை.

2009. அம்மாவுக்கு 41 வயது. உங்கள் அம்மாவைப் போலவே உதிரப்போக்கு. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார். எல்லாரும் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள். "டோட்டலா எடுத்தாச்சு, இனி தொந்தரவே இல்ல" என்று அப்பா எல்லாரிடமும் சொன்னார். டாக்டர் அவரிடம் சொன்ன சொல் அது.

பத்து நாள் கழித்து ஆரம்பித்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு அம்மா எழுந்து உட்கார்ந்திருப்பார். மார்கழியில் வியர்த்து ஜாக்கெட் நனைந்திருக்கும். பாயைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். காரணமில்லாமல் அழுவார், பாத்திரத்தைப் போட்டு உடைத்திருக்கிறார். "ஒடம்புச் சூடு" என்று பாட்டி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார், இளநீர் வாங்கிக் கொடுத்தார், வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துவிட்டார். இரண்டு வருஷம் இப்படி.

அப்போது நான் எம்.எஸ்சி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். நாளமில்லாச் சுரப்பிகள் தாளில் நல்ல மதிப்பெண். பரீட்சைக்குப் படித்ததையும் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்திருந்த அம்மாவையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

2021இல் துவைக்கிற கல் பக்கத்தில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்துவிட்டது. 53 வயதில் இந்த உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிவதா என்று எலும்பு டாக்டர் எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். டி-ஸ்கோர் மைனஸ் 3.1 என்று வந்தது. மைனஸ் 2.5க்குக் கீழே போனாலே எலும்புத் தேய்வு. "மாசவிலக்கு எப்ப நின்னுச்சும்மா?" "நாப்பத்தோரு வயசுல சார், கர்ப்பப்பை எடுத்தப்ப." "ஓவரியையும் எடுத்தாங்களா?" அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா, "டோட்டலா எடுத்தாச்சு சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து பீரோவில் மஞ்சள் பைக்குள் இருந்த பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்தேன். ஒரே வரி: டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ. முதல் பாதி, வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுதாக எடுத்தது. பின் பாதி, இரண்டு பக்கக் குழாயோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தது. பன்னிரண்டு வருஷம் அந்தத் தாள் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறது.

6 ஜூன், காலை 7.30

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்த "டோட்டல்" என்ற சொல். மருத்துவத்தில் டோட்டல் என்றால் கர்ப்பப்பையும் அதன் வாயும் சேர்த்து என்று பொருள். வாயை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் எடுத்தால் அது சப்-டோட்டல். சினைப்பைக்கும் இந்தச் சொல்லுக்கும் சம்பந்தம் இல்லை. நம் வீடுகளில் டோட்டல் என்றால் "எல்லாமே" என்றுதான் காதில் விழும். வாயை விட்டுவைத்திருந்தால் அங்கே புற்றுநோய்ச் சோதனையைத் தொடர்ந்து செய்தாக வேண்டும் என்பதால் இந்த வேறுபாட்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

8 ஜூன், பிற்பகல் 3.15

ஒருவர் கேட்டிருக்கிறார்: "எடுத்த இடம் உள்ள காலியா கெடக்குமா அக்கா?"

எங்கள் பாட்டியும் இதையேதான் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. காலியாகக் கிடக்காது. குடல் மெத்தென்று இறங்கி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். வயிற்றுக்குள் குடல் எப்போதும் நழுவிக்கொண்டுதான் இருக்கிறது, ஒன்பது மாதம் பிள்ளை வளரும்போது விலகிக் கொடுத்ததும் அதேதான். பிறப்புப் பாதையின் மேல்முனையைத் தைத்து மூடிவிடுவார்கள். அது ஒருபக்கம் மூடிய பையாக நீடிக்கும். தையல் ஆற ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை தண்ணீர்க்குடம் தூக்கக் கூடாது, உடலுறவு கூடாது என்று சொல்வது அதற்காகத்தான்.

8 ஜூன், இரவு 9.50

இன்னொருவர்: "எனக்குக் கர்ப்பப்பை எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. இப்பவும் மாசத்துக்கு ஒருமுறை மார்பு கனக்குது, கோபம் வருது. பயமா இருக்கு."

பயப்படாதீர்கள். உங்கள் சினைப்பை உள்ளே இருக்கிறது, வேலை செய்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். கனம் மாதாமாதம் வந்து போகாமல் ஒரே இடத்தில் கட்டியாகத் தங்கினால் மட்டும் காட்டுங்கள்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. சினைப்பைக்குள் சில நுண்ணிய நீர்ப்பைகள் வளர ஆரம்பிக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முட்டை. பெரும்பாலும் ஒன்று முந்திக்கொள்ளும், மற்றவை வாடிவிடும். முந்திய பை இரண்டு செ.மீ. அளவுக்கு வளரும்போது அதிலிருந்து சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் உச்சத்துக்குப் போகும். கர்ப்பப்பையின் உள்படலத்தைத் தடிக்கவைப்பது அதுதான். உச்சத்தைப் பார்த்த பிட்யூட்டரி எல்.எச். என்ற ஹார்மோனை ஒரே மூச்சில் கொட்டும். சுமார் 36 மணி நேரத்தில் பை வெடித்து முட்டை வெளியே வரும். வெடித்த பை வீணாவதில்லை, மஞ்சளாகி ஒரு தற்காலிகச் சுரப்பியாக மாறி புரோஜெஸ்டிரோன் சுரக்கும். கரு தங்கினால் அந்தக் கரு அனுப்பும் எச்.சி.ஜி. அதை வாழவைக்கும். சிறுநீரில் கோடு பார்க்கிறோமே, அது இந்த எச்.சி.ஜி.யைத்தான். தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் மஞ்சள் சுரப்பி சுருங்கிவிடும், புரோஜெஸ்டிரோன் இறங்கும், படலத்துக்குப் போகும் சுருள் ரத்தக்குழாய்கள் இறுகும், படலம் உதிரும்.

கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு இதில் கடைசி வரி மட்டும்தான் இல்லை. மார்பு கனப்பது உட்பட மற்ற எல்லாம் நடக்கும்.

உதிரும்போது படலத்தில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்தான் தசையை இறுக்கி வலியை உண்டாக்குகிறது. மெஃபனமிக் அமிலம் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பைத் தடுப்பவை, அதனால் வலி முற்றிய பிறகு போடுவதைவிட ஆரம்பித்ததுமே போட்டால்தான் நன்றாகக் கேட்கும். பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூன்று வருஷமாக மாதம் இரண்டு நாள் லீவு. அவளிடம் இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம்தான் ஆயிற்று.

9 ஜூன், காலை 10.00

"14ஆம் நாள்தானே முட்டை வரும்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 28 நாள் சுற்று என்றால் மட்டும். முட்டை வந்த பிறகு மாதவிடாய் வரை உள்ள காலம் கிட்டத்தட்ட நிலையானது, 12 முதல் 14 நாள். அதற்கு முந்தைய பாதிதான் நீளும், குறுகும். 35 நாள் சுற்று உள்ளவருக்கு முட்டை 21ஆம் நாளை ஒட்டி வரும். முன்னாலிருந்து எண்ணாமல் பின்னாலிருந்து எண்ண வேண்டும் என்று கண்டு சொன்னவர் ஜப்பானிய மருத்துவர் கியூசாகு ஒகினோ, 1924இல். நூறு வருஷம் ஆகிறது. இன்னமும் 14 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு குழந்தைக்காக ஏங்கி நாளைத் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, பூப்பு (மாதவிடாய்) வெளிப்பட்டதிலிருந்து பன்னிரண்டு நாள் கணவன் பிரிந்திருப்பது அறமில்லை என்று தொல்காப்பியத்தில் இருப்பதை எடுத்துக் காட்டினார். எண்ணிப் பார்த்தால் கரு தங்கும் நாட்களில் பல அதற்குள் வந்துவிடுகின்றன. ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நம் பேச்சிலும் அந்த அறிவு இருக்கிறது. "முழுகாம இருக்கா" என்கிறோம். மாதவிலக்கு வராததால் தலைமுழுகவில்லை, அதனால் கர்ப்பம். உடலின் கணக்கைப் பார்த்துப் பிறந்த சொல் அது. இவ்வளவு கூர்மையாகக் கவனித்த மொழியில் சினைப்பைக்கு ஒரு வீட்டுப் பெயர் இல்லையே என்று மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன்.

11 ஜூன், இரவு 8.30

முந்தைய வரியைத் திருத்துகிறேன். வீட்டுப் பெயர் இல்லை என்றது தவறு. மனிதருக்கு இல்லை, ஆடு மாடு மீனுக்கு இருக்கிறது. ராமேசுவரத்துத் தோழி போனில் சண்டைக்கே வந்துவிட்டாள்: "மீன் சினைன்னு சொல்ல மாட்டோமா? சினையோட இருக்கிற மீனுன்னு கேட்டுத்தானடி வாங்குறோம்." சரிதான். "மாடு சினையா இருக்கு" என்றும் சொல்கிறோம்.

கோழி அறுக்கும்போது பார்த்திருப்பீர்கள். முதுகெலும்பை ஒட்டி, கடுகளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை மஞ்சள் மஞ்சளாக ஒரு கொத்து. பாட்டி அதை எடுத்துத் தனியாகக் குழம்பில் போடுவார், சின்னப் பிள்ளைக்கு முதல் பங்கு. அந்தக் கொத்துதான் சினைப்பை. கோழிக்கு இடப்பக்கம் ஒன்றுதான் வேலை செய்யும். வகுப்பில் படம் போடுவதற்கு முன் இப்போது இதைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன், பிள்ளைகள் முகம் தெளிவாகிறது. "அப்ப நமக்கும் கொத்து இருக்கா மிஸ்?" இருக்கிறது. நமது முட்டை 0.1 மி.மீ.தான், கொத்தாகத் தெரியாது. எண்ணிக்கையோ மலைப்பானது: தாய் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போது 60, 70 லட்சம். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயசுக்கு வரும்போது மூன்று நான்கு லட்சம். வாழ்நாளில் வெளியே வருவது 400, 500. மீதியெல்லாம் உள்ளேயே கரைந்துபோகின்றன.

பாலூட்டியின் முட்டையை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர், 1827இல், ஒரு நாயின் சினைப்பையில். அதற்கு 155 வருஷம் முன்பு ரெக்னியர் டி கிராஃப் அந்த நீர்ப்பைகளை விவரித்து எழுதிவிட்டார். ஆனால் பையையே முட்டை என்று எண்ணிவிட்டார்.

12 ஜூன், காலை 6.50

இன்னும் இரண்டு திருத்தம்.

ஒன்று, இரண்டு சினைப்பையும் மாதம் மாற்றி மாதம் வேலை செய்யும் என்று நான் பல வருஷம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அப்படி முறை வைத்து நடப்பதில்லை. ஒரே பக்கம் தொடர்ந்து வரலாம். ஒரு பக்கச் சினைப்பையின் முட்டையை எதிர்ப்பக்கக் குழாய் ஏந்திக்கொண்டு கரு தங்கியதும் உண்டு. சினைப்பைக்கும் குழாய்க்கும் நடுவில் மூடிய பாதை கிடையாது. முட்டை வயிற்று அறைக்குள்தான் விழுகிறது, குழாயின் விரல்கள் வருடி உள்ளே எடுத்துக்கொள்கின்றன.

இரண்டு, முக்கியமானது. முதலில் "தன் பாட்டுக்கு வேலை செய்யும்" என்று எழுதினேன். பெரும்பாலும் சரி. ஆனால் சினைப்பைக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று பெருந்தமனியிலிருந்து நேராக, சிறுநீரகத் தமனிக்குச் சற்றுக் கீழிருந்து. கருவில் சினைப்பை அங்கே உருவாகிப் பிறகு கீழே இறங்கியதால் அந்த ரத்தக்குழாயும் நீண்டு வந்தது. இன்னொன்று கர்ப்பப்பைத் தமனியின் கிளை. கர்ப்பப்பையை எடுக்கும்போது இந்தக் கிளை போய்விடுகிறது. அதனால் சினைப்பையை விட்டுவைத்தாலும் சிலருக்கு அது ஓரிரு வருஷம் முன்னதாகவே ஓயலாம். மாதவிடாய் இல்லாததால் ஓய்ந்தது வெளியே தெரியாது. ராத்திரி வியர்ப்பது, திடீரென்று உடல் தகிப்பது வந்தால் "ஒடம்புச் சூடு" என்று விட்டுவிடாதீர்கள்.

15 ஜூன், மாலை 5.40

"கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" என்று ஐந்தாறு பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு நோயைச் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

பி.சி.ஓ.எஸ். பற்றிச் சொல்வதானால் அது கர்ப்பப்பையில் இல்லை, சினைப்பையில். அது கட்டியும் இல்லை. முன்னே சொன்ன நுண்ணிய பைகள் ஒன்றும் முந்தாமல் பாதி வளர்ச்சியில் பலவாக நின்றுவிடுகின்றன, ஸ்கேனில் வரிசையாகத் தெரிகின்றன. ஹார்மோன் கோளாறின் தடம் அது. அறுத்து எடுக்க அங்கே ஒன்றுமில்லை. "நீர்க்கட்டிய கரைக்கிற கஷாயம்" என்று பணம் பிடுங்குகிறவர்களுக்கு இந்தப் பெயர்தான் மூலதனம்.

கேள்வி கேட்டவரின் அம்மாவுக்கு இருப்பது நார்க்கட்டி, ஃபைப்ராய்டு. அது கர்ப்பப்பையின் தசையில் வளர்வது. அநேகமாக எப்போதும் புற்றுநோய் இல்லை. மெனோபாஸுக்குப் பிறகு தானாகச் சுருங்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கம் இருந்தால் சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி போகவைக்கும், உதிரப்போக்கு அதிகமாகாது. உள்படலத்தை ஒட்டியிருந்தால் சின்னக் கட்டியே ஆளைச் சாய்த்துவிடும்.

16 ஜூன், காலை 9.10

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனில் கர்ப்பப்பையை எடுப்பதில்லை. குழாயை இரண்டு பக்கமும் கட்டி வெட்டுகிறார்கள், அவ்வளவே. மாதவிடாய் வரும், முட்டையும் வரும், வந்த முட்டை உள்ளேயே கரைந்துவிடும். இதைத் தனியாக எழுதக் காரணம், இந்த ஆபரேஷன் செய்த அத்தை ஒருவர் இருபது வருஷமாகத் தனக்குக் கர்ப்பப்பை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

22 ஜூன், இரவு 10.15

எடுப்பதா வேண்டாமா என்று நான் சொல்லக் கூடாது. 7.8 என்பது விளையாட்டில்லை, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். சாதாரண மாதவிடாயில் போகும் ரத்தம் 30, 40 மி.லி. 80ஐத் தாண்டினாலே அதிகம். 80 மி.லி. ரத்தத்தோடு சுமார் 40 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது, முருங்கைக்கீரை மட்டும் தின்று அதை ஈடுகட்ட முடியாது. ஆபரேஷனுக்கு முன் ஊசி மூலம் இரும்பு ஏற்றுவார்களா என்று கேளுங்கள்.

ஆனால் வேறு வழிகள் பேசப்பட்டனவா என்றும் கேளுங்கள். ஹார்மோன் சுரக்கும் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைப்பது, கட்டியை மட்டும் எடுப்பது, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது எல்லாம் இருக்கின்றன. எல்லாருக்கும் பொருந்தாது. பொருந்தவில்லை என்று டாக்டர் வாயால் காரணத்தோடு கேட்பது வேறு, கேட்காமலே படுப்பது வேறு.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுக்குள் நூற்றுக்கு மூன்று பெண்களுக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள், மாதவிடாய் நாட்களில் வேலை தவறினால் கூலி பிடிக்கிறார்கள் என்று இருபது, முப்பது வயதுகளிலேயே எடுத்துக்கொண்டது 2019இல் வெளியே வந்தது. தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 2023இல் சொன்னது. பீட் பெண்களை நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

23 ஜூன், காலை 11.30

ஒரு வாசகி, மகப்பேறு மருத்துவராம், எனக்குப் பொறுமையாக விளக்கம் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின் என் அம்மா விஷயத்தில் என் எண்ணம் கொஞ்சம் மாறிவிட்டது.

2009இல் அம்மாவின் சினைப்பையை எடுக்க மருத்துவக் காரணம் இருந்திருக்கலாம். உள்ளே ஒட்டிப் போயிருக்கலாம், எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்றது வெளியே வளர்வது) இருந்திருக்கலாம். "பின்னால் புற்றுநோய் வரக் கூடாது" என்று நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சேர்த்து எடுப்பதும் அப்போது சாதாரணமாம். இப்போது பலர் குழாய்களை மட்டும் எடுத்துச் சினைப்பையை விட்டுவிடுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோய் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு குழாயின் அந்த விரல் முனையில் ஆரம்பிக்கிறது என்று தெரியவந்ததால். அந்த டாக்டரைப் பற்றி நான் வீட்டில் பேசிய கடுஞ்சொற்களில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மீதிப் பாதியை வாங்க மாட்டேன். எடுத்ததை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த வயதிலேயே ஈஸ்ட்ரோஜன் மாத்திரை பேசியிருக்கலாம். 45க்கு முன் சினைப்பை போனவர்களுக்கு, மார்பகப் புற்றுநோய் போன்ற தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக மெனோபாஸ் வரும் வயது வரை அதைக் கொடுப்பது வழக்கம். கர்ப்பப்பை இல்லாதவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கூடப் புரோஜெஸ்டிரோன் கொடுப்பது உள்படலம் மிகையாகத் தடித்துவிடாமல் காப்பதற்கு, படலமே இல்லாதபோது அது எதற்கு? இவ்வளவு எளிமையான கணக்கு. அம்மாவின் எலும்புக்கு அது கிடைக்கவில்லை.

4 ஜூலை, இரவு 9.00

மனித இனப்பெருக்கம் பாடம் ஆரம்பித்துவிட்டேன். எங்கள் காலத்தில் டீச்சர் "வீட்டுல படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டினார்.

வெள்ளைத்தாள் கொடுத்து, கீழே எத்தனை திறப்பு என்று பெயர் போடாமல் எழுதச் சொன்னேன். 38 பிள்ளைகளில் 21 பேர் "இரண்டு" என்று எழுதியிருந்தார்கள். சிறுநீரும் மாதவிடாயும் ஒரே வழி என்று நினைக்கிறார்கள். மூன்று. முன்னால் சிறுநீர்த் துளை, நடுவில் பிறப்புப் பாதை, பின்னால் மலத்துளை. பதினேழு வயதில் தன் உடம்பில் எத்தனை வாசல் என்று தெரியாமல் இருப்பதற்கு அந்தப் பிள்ளை காரணம் இல்லை. புத்தகச் சொல் "கலவிக்கால்வாய்", அதை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூசுகிறார்கள். ஊர்ச் சொற்கள் எல்லாம் வசவாகிவிட்டன. தெருவில் ஆண்கள் சண்டை போடும்போது மட்டும் காதில் விழுகிற சொல்லை அம்மா மகளிடம் எப்படிச் சொல்வாள்? "பிறப்புப் பாதை" என்றே சொல்கிறேன். தயக்கமில்லாமல் பிடித்துக்கொண்டார்கள்.

ஒருத்தி தாளின் பின்பக்கம் கேட்டிருந்தாள்: "சைக்கிள் ஓட்டினால் கிழிந்துவிடுமா?" கன்னித்திரை ஒரு மூடி இல்லை. திறப்பின் ஓரத்தில் வளையம் போல இருக்கும் மெல்லிய மடிப்பு, பெண்ணுக்குப் பெண் வடிவம் மாறும். அதைப் பார்த்து எந்த டாக்டராலும் எதையும் சொல்ல முடியாது. அப்படிப் பார்க்கும் சோதனையே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லிவிட்டது. வகுப்பில் படித்துக் காட்டிப் பதில் சொன்னேன். கேட்டவள் யார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்றாம் பெஞ்சில் ஒரு முகத்தில் இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்தேன்.

10 ஜூலை, இரவு 8.45

நாளை மறுநாள் ஆபரேஷன் என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தம் 10.4க்கு வந்தது நல்ல செய்தி. ஓவரியை விட்டுவைப்பதாகவும், உள்ளே பார்த்து வேறு முடிவு எடுக்க வேண்டி வந்தால் வெளியே வந்து சொல்லிவிட்டுச் செய்வதாகவும் டாக்டர் சொன்னாராம். அம்மா கையெழுத்துப் போடும் ஒப்புதல் படிவத்திலும் அது அப்படியே எழுதியிருக்கிறதா பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் படித்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

சிறுநீர் இறங்கும் குழாய் கர்ப்பப்பைத் தமனிக்கு அடியில், கர்ப்பப்பை வாயிலிருந்து சுமார் இரண்டு செ.மீ. தூரத்தில் ஓடுகிறது. சர்ஜன்கள் மிகக் கவனமாக இருக்கும் இடம் அது. ஆபரேஷனுக்குப் பின் இடுப்புப் பக்கம் வலி, காய்ச்சல், கீழே இடைவிடாமல் நீர்க்கசிவு இருந்தால் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள்.

பெரியம்மாவை ஒரு வாரத்துக்கு அம்மா பக்கத்தில் விடாதீர்கள்.

19 ஜூலை, மாலை 6.20

நீங்கள் போட்ட டிஸ்சார்ஜ் சம்மரியை என் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். டி.எல்.எச். வித் பி.எஸ்.: லேப்ராஸ்கோப் வழியாகக் கர்ப்பப்பையும் வாயும் இரண்டு குழாய்களும். கீழே தனி வரியில், "இரண்டு சினைப்பைகளும் இயல்பு, விட்டுவைக்கப்பட்டன." அம்மா அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்.

எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட் பத்து நாளில் வரும், கட்டு பிரிக்கப் போகும்போது கேட்டு வாங்கி சம்மரியோடு சேர்த்துப் பின் செய்து வையுங்கள். உங்களிடம் ஒரு நகல் இருக்கட்டும், அம்மா கையில் ஒன்று.